பருத்தி மேலே ஒரு பலகை

சத்யபிரியா வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் ஏழு அறைகள் இருந்தன. உட்கார்ந்து படம் வரைய ஓர் இடம் இல்லை.

எப்போதும்வென்றான் என்கிற ஊரிலிருந்து மேற்கே கரிசலுக்குள் போனால் வருகிற ஊர் அது. பெயரைச் சொன்னால் கேலி செய்துவிட்டதாக நினைத்து ஊர்க்காரர்கள் பஸ் ஏறிச் சண்டைக்கு வருவார்கள், ஆகவே வேண்டாம். வீடு ஓட்டு வீடு. மாமனார் பெருமாள்சாமி நிலபுலம் வைத்து விவசாயம் பார்க்கிற சம்சாரி. மாமியார் ஜானகியம்மாள். கணவன் நவநீதகிருஷ்ணன் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதினான். காலை முதல் பஸ்ஸில் போய் ராத்திரி கடைசி பஸ்ஸில் வருவான். நல்லவன். எதிலும் தலையிடமாட்டான், தலையிட வேண்டியதிலும்கூட. வீட்டில் கோபத்துக்குத் தெலுங்கும் மற்றதற்கெல்லாம் தமிழும் பேசினார்கள்.

அந்த வீட்டுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மருமகள் மாமனாரோடு நேரடியாகப் பேசக் கூடாது. மாமனாரும் மருமகளோடு பேசமாட்டார். அவர் சொல்ல வேண்டியதைத் தொழுவத்தில் நிற்கிற வெள்ளை மாட்டிடம் சொல்வார். "இன்னைக்குக் காப்பியில சீனி கம்மி" என்று மாட்டிடம் சொன்னால், மறுநாள் சீனி சரியாக இருக்கும். மருமகள் சொல்ல வேண்டியது மாமியார் வழியாகப் போகும். ஜானகியம்மாள் அதை அப்படியே கொண்டுபோவாள் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. தன் கைக்கு வந்த எதையும் கொஞ்சம் உப்புப் போடாமல் அடுத்தவருக்குத் தருகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

சத்யபிரியா கயத்தாற்றுக்காரி. அவளுடைய அப்பா ரோட்டோரத்தில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறை வைத்திருந்தார். எட்டாவது படிக்கும்போதே லாரியின் பின்பக்கத்துக்குத் தாமரையும் கிளியும் போட்டுத் தருவாள். டிராயிங் பரீட்சை லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தாள். பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில், எழுத்துக் கற்றுக்கொள்ளும் பெரியவர்களுக்காக ஆடு, இலை, ஈ என்று அட்டை அட்டையாக வரைந்து கொடுத்தாள். அப்போது பழக்கமானவள்தான் கோவில்பட்டி சுதாராணி. அவள் பிறகு சென்னைக்குப் போய்க் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிற சின்னப் பதிப்பகம் ஒன்றில் சேர்ந்தாள். கல்யாணம் ஆன பிறகும் சத்யபிரியாவை அவள் விடவில்லை. ஒரு மூலைக்கு அணில், ஒரு பக்கத்துக்கு வண்டி என்று வரையச் சொல்லுவாள். புத்தகத்தில் பெயர் வராது. முழுப் புத்தகமாக ஒன்று செய்து, அட்டையில் 'படங்கள்: சத்யபிரியா' என்று வரவேண்டும் என்பதுதான் சத்யபிரியாவின் ஆசை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மாமியார் உப்புப் போட்டுவிடுவாள்.

முதலில் அடுப்படியில் வைத்து வரைந்து பார்த்தாள். யானையின் முதுகில் தாளிப்பு எண்ணெய் தெறித்தது. சுதாராணி யானையைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

பிறகு முன்னறையில், தையல் மிஷின் மூடியின் மேல். அங்கே எண்ணெய் இல்லை, ஆட்கள் இருந்தார்கள். கலப்பை கேட்டு வருகிறவர், சீட்டுப் பணம் கொண்டுவருகிறவர், சும்மா வருகிறவர் எல்லோரும் இரண்டு நிமிஷம் நின்று பார்த்து, "மாட்டுக்குக் கொம்பு சின்னதா இருக்கே தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மாடு ஒரே வாரத்தில் நாலு தடவை கொம்பு மாற்றியது.

அதன்பிறகு களத்து வேப்பமரத்தடி. ஆடிக் காற்று அவளுடைய மயிலைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் போட்டது. அவர்கள் நல்ல மனுஷர்கள், தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் அதை ஊறுகாய்ச் சாடியின் வாயை மூடி வேடு கட்டியிருந்தார்கள்.

மிச்சம் இருந்தது பருத்தி அறை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கரண்டு இழுக்கவும் பெருமாள்சாமி விடவில்லை. தீப்பெட்டி செய்கிற சீமையில் இருந்துகொண்டு நெருப்புக்குப் பயப்படாதவன் மடையன் என்பது அவர் கட்சி. மேலே ஓட்டுக்குச் சற்றுக் கீழே, தெருவைப் பார்க்க, இரண்டு செங்கல் அகலத்தில் ஒரு வென்டிலேட்டர். வெளிச்சம் அதன் வழியாக வந்து எதிர்ச்சுவரின் உச்சியில் விழும். தரையில் நிற்கிறவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் பருத்தி நல்ல விளைச்சல். மாசியில் எடுப்பு ஆரம்பித்து, பங்குனிக்குள் அறை முக்கால்வாசி நிரம்பிவிட்டது. தெருப்பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதிக்கிறதுகள் என்று விரட்டப் போன சத்யபிரியா, பிள்ளைகள் இறங்கி ஓடிய பிறகு தான் மட்டும் மேலே உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள். வென்டிலேட்டர் முகத்துக்கு நேராக இருந்தது. நல்ல வெளிச்சம். குனிந்து பார்த்தால் தெரு முழுவதும் தெரிந்தது. குடம் தூக்கிப் போகிற பெண் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டமாகப் போனாள். சைக்கிள் ஒரு கோடு. ஆடு, நாலு முனையிலும் கால் எட்டிப் பார்க்கிற ஒரு தலையணை. மேலே ஏறி வந்து கொம்பு சின்னது என்று சொல்வதற்கு ஊரில் யாருக்கும் முழங்கால் ஒத்துழைக்காது.

மறுநாளே, கழற்றிப் போட்டிருந்த பழைய கதவுப் பலகை ஒன்றை மேலே ஏற்றினாள். ஜானகியம்மாள் கீழே நின்று சட்டம் போட்டாள்.

"காலைக் கழுவிட்டு ஏறணும். தீப்பெட்டி, வெளக்கு, வத்து." வேண்டாம் என்பதை அவள் எப்போதும் தெலுங்கில்தான் சொல்லுவாள், கூடுதல் பலத்துக்காக. "தண்ணியும் வத்து. பருத்தி நனைஞ்சா ஒங்க மாமா என்னைய நனைச்சுப்புடுவாவ."

"தண்ணி இல்லாம கலர் எப்படி அத்தை கரைக்க?"

கடைசியில் ஒரு சிரட்டைத் தண்ணீருக்கு அனுமதி கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு சிரட்டை. அதனால் அவளுடைய நிறங்கள் கெட்டியாக விழுந்தன. பிரஷைக் கழுவ வழியில்லாமல் சுவரில் துடைத்தாள். பஞ்சு பறந்து வந்து ஈர நிறத்தில் ஒட்டிக்கொண்டது, அதை எடுக்கப் பார்த்தால் படமும் சேர்ந்து வந்தது, விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில் சுதாராணி ஒரு கதையை அனுப்பியிருந்தாள். கட்டை அவிழ்த்துக்கொண்ட ஆட்டுக்குட்டி ஒன்று ஊர் முழுக்கச் சுற்றி, கிடைத்ததை எல்லாம் தின்றுவிட்டுத் திரும்பி வருகிற கதை. மாதிரிக்கு மூன்று படம் கேட்டிருந்தாள். சத்யபிரியா பருத்தி மேலிருந்து பார்த்ததை வரைந்து அனுப்பினாள். பத்து நாளில், ஊரில் போன் இருக்கிற ஒரே இடமான கடற்கரை அண்ணாச்சியின் உரக்கடைக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது.

"சத்யா, இது எப்படிடி தோணுச்சு? ஊரையே மேலேருந்து பார்த்திருக்கே. கலர் என்ன தைரியமா இருக்கு! அந்தப் பஞ்சு மாதிரி ஒரு டெக்ஸ்சர் வருதே, அது எப்படிப் பண்ணின?"

"அதுவா வந்துதுக்கா."

"மாடியில ஸ்டுடியோ போட்டுட்டியா?"

சத்யபிரியா கடையைச் சுற்றிப் பார்த்தாள். கடற்கரை அண்ணாச்சி யூரியா நிறுத்துக்கொண்டே காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். "ஆமாக்கா. ஒசரமான எடம்தான்."

"புத்தகம் முழுக்க நீதான் போடுற. அட்டையில உன் பேர் வரும். ஆனா ஒரு பக்கம்கூட தரையில நின்னு பார்க்கிற மாதிரி இருக்கக் கூடாது. பதினாறு பக்கமும் மேலேருந்துதான். சித்திரை முடியறதுக்குள்ள குடுத்திரு. இல்லன்னா இங்க வேற ஆளை வச்சு முடிச்சிடுவாங்க, நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் கால் தரையில் பாவவில்லை.

பங்குனி கடைசியில் எட்டுப் பக்கம் முடிந்திருந்தது. அன்றைக்குப் பருத்தி வியாபாரி கருத்தப்பாண்டி வந்து சேர்ந்தார்.

பெருமாள்சாமிக்கும் பருத்தி விலைக்கும் ஜாதகத்தில் பொருத்தம் கிடையாது. அவர் விற்ற மறுநாள் விலை ஏறும். அவர் வைத்திருந்தால் இறங்கும். ஊரில் பலர் அவரைப் பார்த்தே விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம்தான் அதிசயமாக, பருத்தி வீட்டில் இருக்கும்போதே நல்ல விலை வாசலில் வந்து நின்றது. கருத்தப்பாண்டி ஒரு கை பஞ்சை எடுத்துப் பிய்த்துப் பார்த்தார். "மொதலாளி, நாளைக்கே சாக்கோட வாரேன். அள்ளிருவோம்" என்றார்.

இது வென்டிலேட்டர் வழியாக மேலே கேட்டது. சத்யபிரியா பிரஷைப் பலகையில் வைத்தாள். பருத்தி போனால் வெளிச்சம் போகும், தெரு போகும், மீதி எட்டுப் பக்கமும் போகும். இதை அவள் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து, மேலிருந்து பார்த்த ஆட்டை நினைப்பிலிருந்து வரைந்தபோது அது செத்துக் கிடக்கிற ஆடாக வந்தது. ஏணியில் நின்றும் பார்த்துவிட்டாள். ஒரு கை ஏணிக்கு, ஒரு கை காகிதத்துக்கு. பிரஷுக்குக் கை இல்லை. ஊரில் ஒரே மாடிக் கட்டடம் பஞ்சாயத்து ஆபீஸ். அதன் மேல் ஒரு மருமகள் ஏறி உட்கார்ந்தால், அதைப் பற்றி வேறு விதமான கதைப் புத்தகம்தான் வரும்.

பருத்தியிலிருந்து சறுக்கி இறங்கி அடுப்படிக்கு ஓடினாள்.

"அத்தை, பருத்தியைச் சித்திரை கடைசி வரைக்கும் வச்சிருந்தா என்ன?"

"எதுக்கு?"

"படம் பாதி கெடக்கு."

"படத்துக்குப் பருத்தி எதுக்குட்டி?"

"உக்கார."

ஜானகியம்மாள் கொஞ்ச நேரம் மருமகளின் தலையைப் பார்த்தாள். அதில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஒரு வியாபாரி முன்னால் ஒரு சம்சாரியிடம், உன் மருமகள் உட்காருவதற்குப் பருத்தியை விற்காமல் வை என்று எப்படிச் சொல்வது? வாசலுக்குப் போகிற ஏழெட்டு அடிக்குள் அவள் உப்புப் போட்டுவிட்டாள்.

"மருமக சொல்லுதா, வெலை இன்னும் ஏறுமாம். பொறுத்து விக்கலாம்னுதா."

உள்ளே சத்யபிரியா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சொல்லவில்லை. பருத்தி விலையைப் பற்றி அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் வெளியே வந்து, நான் சொல்லவில்லை என்று மாமனாரிடம் நேராகச் சொல்லவும் முடியாது.

பெருமாள்சாமி மாட்டைப் பார்த்தார். "வெலை ஏறுமாக்கும்" என்று அதனிடம் சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தி வென்டிலேட்டரைப் பார்த்தார். அங்கே பலகையின் ஒரு நுனியும் சிரட்டையும் தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கதவிடுக்கு வழியாக அந்த நிமிர்ந்த முகத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள் சத்யபிரியா. மூன்று வருஷமாக அவரைக் கண்டால் ஒதுங்கியே பழக்கம்.

"சித்திரை கழியட்டும். பொறவு வாரும்" என்றார் கருத்தப்பாண்டியிடம்.

"மொதலாளி, இந்த வெலை திரும்பி வராது."

"வராட்டிப் போகுது."

சேதி தெருவுக்குள் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பெருமாள்சாமி விற்காமல் வைக்கிறார் என்று தெரிந்ததும் ஊரில் இருந்த அத்தனை பருத்தியும் அந்த வாரமே விலை போனது. அடுத்த வாரம் விலை இறங்கியது. ஊர் தன் புத்திசாலித்தனத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டது.

அந்த ஒரு மாதம் சத்யபிரியா சந்தோஷமாகவும் இல்லை, வரையாமலும் இல்லை. கீழே தெருவில் போகிற ஒவ்வொருவரும் புது விலையைச் சொல்லிக்கொண்டு போனார்கள். அத்தனையும் வென்டிலேட்டர் வழியாக மேலே வந்தது. விலை இறங்க இறங்க அவள் வேகம் கூடியது. தன் பெயரைச் சொல்லிய ஒரு பொய்யை நம்பி அந்த மனுஷன் மோசம்போகிறார் என்கிற நினைப்பு அரிப்பு மாதிரி இருந்தது. பருத்தி அரிப்பு வேறு தனியாக இருந்தது.

"நீங்க ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"படம் முடியணுமா, வேண்டாமா?" என்றாள் ஜானகியம்மாள். அன்றைக்கு இரண்டு சிரட்டைத் தண்ணீர் கொடுத்தாள்.

சித்திரை முடிய நாலு நாள் இருக்கும்போது பதினாறாவது பக்கமும் முடிந்தது. நவநீதகிருஷ்ணன் அதை ஆபீசுக்குப் போகிற வழியில் கோவில்பட்டி கூரியரில் போட்டான். வைகாசியில் கருத்தப்பாண்டி வந்து, துக்கம் கேட்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு விலை சொன்னார். பெருமாள்சாமி பேரம் பேசவில்லை. அறை காலியானது. பலகை தரைக்கு வந்தது. சுவரின் உச்சியில், யாருக்கும் எட்டாத உயரத்தில், பிரஷ் துடைத்த சிவப்பும் நீலமும் மஞ்சளும் மட்டும் நின்றன. அந்த வருஷம் மக்காச்சோளம்தான் போடப்போவதாகப் பெருமாள்சாமி மாட்டிடம் சொல்லிவிட்டார். ஊரே புதுசாக மக்காச்சோளத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மக்காச்சோளத்தை வீட்டுக்குள் கொட்டமாட்டார்கள்; களத்தோடு போய்விடும். சத்யபிரியா அதைக் கேட்டுவிட்டுப் பலகையைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டாள். அவளுக்கு என்ன சொல்ல உரிமை இருக்கிறது?

ஆவணியில் புத்தகம் வந்தது. அட்டையில் பெயர் இருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கையில் எண்ணெய் இருக்கிறதோ என்று பயந்து முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தடவினாள்.

புத்தகம் தெருவில் கை மாறி மாறிப் போனது. அதில் ஊரே இருந்தது. ஆனால் யாருக்கும் தன்னை அடையாளம் தெரியவில்லை. தன் உச்சந்தலையைப் பார்த்தவன் யார்? கடைசியில் அது சலூன் பூவனநாதன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் வாழ்நாள் முழுக்க ஊரை மேலிருந்தே பார்த்தவர். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி விரல் வைத்துக்கொண்டே போனார்.

"இந்தா, ரெட்டைச் சுழி. கடற்கரை அண்ணாச்சி. இது கருத்தப்பாண்டி, வலப்பக்கம் ஒரு சொட்டை இருக்கும், துண்டைப் போட்டு மூடிக்கிடுவாவ." கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுக்கு நான் எதுக்கு? மொகமே தெரியுதே."

புத்தகம் முழுவதிலும் மேலே நிமிர்ந்து பார்க்கிற ஆள் ஒருவர்தான். வெள்ளை மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பெருமாள்சாமி மொதலாளி. அவிய எதுக்கு மேல பாக்காவ?"

மழை பார்க்கிறார் என்று ஊர் முடிவு செய்தது. பெருமாள்சாமி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மூடி வைத்தார். மாட்டிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்து, விதைப்புக்கு நிலம் தயாராகிக்கொண்டிருந்தபோது சுதாராணி கேமராவும் கையுமாக வந்து இறங்கினாள். புத்தகம் நன்றாகப் போகிறதாம். படம் வரைகிறவர்கள் வேலை செய்கிற இடங்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதுகிறார்களாம்.

"எங்கடி உன் ஸ்டுடியோ?"

சத்யபிரியா அவளைப் பருத்தி அறைக்கு அழைத்துப் போனாள். இருட்டு. ஒரு மூலையில் கடப்பாரை, இரண்டு மண்வெட்டி. "எங்க?" என்றாள் சுதாராணி மறுபடியும்.

சத்யபிரியா ஆகாசத்தில் கையைக் காட்டினாள். "அங்கன உக்காந்துதான்க்கா வரைஞ்சேன்."

சுதாராணி அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேல் ஆறடி உயரத்தில் வெறும் காற்று இருந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரில் நிறங்கள் இருந்தன. விஷயத்தைச் சத்யபிரியா சொல்லி முடிக்கும்வரை சுதாராணி அண்ணாந்தே நின்றாள். பிறகு அந்தக் காற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

வாசலுக்கு வந்து காப்பி குடிக்கும்போது சொன்னாள்: "அடுத்த புத்தகமும் உனக்குத்தான். பெருசு. இதே மாதிரி மேலேருந்துதான் வேணும்."

சத்யபிரியா தம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லக்கா. அடுத்த வருசம் எடம் இருக்காது." அழுதுவிடக் கூடாது என்று எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பக்கம்மா?"

குரல் முற்றத்திலிருந்து வந்தது. பெருமாள்சாமி கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சத்யபிரியா மாமியாரைத் தேடினாள். ஜானகியம்மாள் கொல்லைப் பக்கம் இருந்தாள். மாடு உழவுக்குப் போயிருந்தது. முற்றத்தில் வேறு யாரும் இல்லை. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சுதாராணியைப் பார்த்தாள். "முப்பத்திரண்டு" என்றாள் சுதாராணி, என்ன நடக்கிறது என்று தெரியாமல்.

"முப்பத்திரண்டு, மாமா" என்றாள் சத்யபிரியா.

பெருமாள்சாமி கணக்குப் போட்டார். "அப்பம் தெக்குப் புஞ்சையிலயும் பருத்தி போட்டாத்தான் காணும்."

இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்தது அவளை அறியாமல் வெளியே வந்துவிட்டது. "மாமா, அன்னைக்கு வெலை ஏறும்னு நான் சொல்லல. எனக்குப் பருத்தி வெலையப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"தெரியும்மா. அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

திரித்த கயிற்றைச் சுருட்டிக் கட்டிலில் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பருத்தி விதை கேட்டு வர உரக்கடைக்குப் புறப்பட்டுப் போனார்.